வாடிய பூவுக்கு முன்னால் நாற்பது பிரேம்

கால் எலும்பு முறிந்து ஆறு வாரம் படுத்திருந்தபோதுதான் இது தொடங்கியது. பார்க்க வந்த தோழி ஒருத்தி கொத்தாகப் பூ கொண்டுவந்து, ஜன்னல் திட்டில் இருந்த கண்ணாடிக் குவளையில் செருகிவிட்டுப் போனாள். ஐந்து ரோஜா, இரண்டு லில்லித் தண்டு. முதல் மூன்று நாள் அறைக்குள் வந்தவர்கள் எல்லாரும் அதைப் பார்த்து நன்றாக இருக்கிறது என்றார்கள், நான்காம் நாளிலிருந்து ஒருவர் கண்ணும் அந்தப் பக்கம் போகவில்லை. ஆறாம் நாள் அறையைப் பெருக்க வந்த தங்கை குவளையைக் கையில் எடுத்துவிட்டாள்.

"அக்கா, வாடிப்போச்சு. தூக்கிப் போட்டுடவா?"

"இருக்கட்டும் விடு" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று அப்போது எனக்கே தெரியாது.

கேமரா கட்டிலுக்குப் பக்கத்திலேயே இருந்தது. எழுந்து நடக்க முடியாதவளுக்கு எடுப்பதற்கு அந்த அறையில் வேறு என்ன இருந்தது? எடுத்தேன். அந்த வாரம் எடுத்த எண்பது தொண்ணூறு படங்களும் இன்னமும் என்னிடம் இருக்கின்றன, ஒன்றைக்கூட யாருக்கும் காட்டியதில்லை. பின்னால் கறுப்புத் துணி, கறுப்பு வெள்ளை, ஓரங்களெல்லாம் இருட்டு. ரோஜாவும் சோகமாக இருந்தது, லில்லியும் சோகமாக இருந்தது, இரண்டும் ஒரே மாதிரி சோகமாக இருந்தன. பூவைப் பார்த்து எடுத்த படங்கள் இல்லை அவை. கட்டிலில் கிடந்த எனக்கு அந்த நேரத்தில் இருந்த மனநிலையை எடுத்துப் பூவின் தலையில் வைத்திருந்தேன், அவ்வளவுதான். வாடிய பூ என்றால் மரணம், முதுமை, பிரிவு என்று ஏற்கெனவே தயாராக இருக்கிற பதில்கள் நமக்குள் வரிசையில் நிற்கின்றன. பார்ப்பதற்கு முன்பே பதில் வந்துவிட்டால் அப்புறம் யார் பார்ப்பார்கள்?

இது மாறியது ஒரு தவறான படத்தால். கைத்தடியை ஊன்றி நிற்க முடிந்ததும் டிரைபாடைக் கொண்டுவரச் சொல்லி, மேக்ரோ லென்ஸை மாட்டி, லில்லியின் ஒரே ஒரு இதழை முழுக்கத் தெளிவாக எடுத்துவிட வேண்டும் என்று உட்கார்ந்தேன். மேக்ரோவில் கஷ்டம் என்னவென்றால், பொருள் அதன் உண்மையான அளவிலேயே சென்சாரில் விழும்படி நெருங்கிப் போகும்போது, லென்ஸின் துளையை (அப்பெர்ச்சர்) எஃப் 8 என்ற சிறிய அளவில் வைத்தாலும் தெளிவாக வருவது ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் ஆழம்தான். அப்பெர்ச்சரை இன்னும் மூடலாமே என்று தோன்றும். ஆனால் அந்த நெருக்கத்தில் எஃப் 8 என்பதே எஃப் 16 போலத்தான் வேலை செய்கிறது, அதற்கு மேல் மூடினால் சின்னத் துளையின் விளிம்பில் ஒளி வளைந்து பரவி மொத்தப் படமும் மழுங்கிப்போகும். அதனால் ஃபோகஸைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் பல பிரேம் எடுத்து, ஒவ்வொன்றிலும் தெளிவாக இருக்கிற பகுதியை மட்டும் சேர்த்து ஒரே படமாக்குவார்கள். ஃபோகஸ் ஸ்டாக்கிங் என்று பெயர். நான் நாற்பது பிரேம் எடுத்தேன். நான்கு நிமிடம் ஆயிற்று.

சேர்த்துப் பார்த்தால் இதழின் விளிம்பு இரண்டிரண்டாக, பேய் போலத் தெரிந்தது. மின்விசிறியை நிறுத்திவிட்டு மறுபடி எடுத்தேன், அதே கதை. டிரைபாடின் கால் தளர்ந்திருக்கும் என்று இறுக்கினேன், ஜன்னலைச் சாத்தினேன், அறைக்குள் யாரையும் நடக்க விடவில்லை. மூன்றாவது தடவையும் அதேதான். கடைசியில் முதல் பிரேமையும் நாற்பதாவது பிரேமையும் மாற்றி மாற்றித் தட்டிப் பார்த்தேன். குவளை அசையவில்லை, தண்டு அசையவில்லை, பக்கத்து இதழ்கூட இருந்த இடத்திலேயே இருந்தது. அந்த ஒரு இதழ் மட்டும் தன் நுனியை உள்பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது. நான்கு நிமிடத்துக்குள், கண்ணுக்குத் தெரியாத அளவில், தானாக.

முடிந்துபோனது என்று நான் எடுத்துக்கொண்டிருந்த பூ என் எதிரிலேயே வேலை செய்துகொண்டிருந்தது.

அப்புறம் கிடைத்ததை எல்லாம் தேடித் தேடிப் படித்தேன். பூ வாடுவது பெரும்பாலும் செடியே நடத்துகிற காரியம். மகரந்தச் சேர்க்கை முடிந்துவிட்டால் வண்டையும் தேனீயையும் கூப்பிடுகிற இதழ்களுக்கு இனி அங்கே வேலை இல்லை, ஆனால் அவற்றை வைத்துக் காப்பாற்ற நீரும் சர்க்கரையும் செலவாகிக்கொண்டே இருக்கும். அதனால் செடி இதழின் செல்களை ஒழுங்கான முறையில் கலைக்கிறது. புரதங்கள் உடைகின்றன, சர்க்கரையும் நைட்ரஜனும் பாஸ்பரஸும் இதழிலிருந்து திரும்ப எடுக்கப்பட்டு, விதை உருவாகிற சூலகத்துக்கோ மற்ற மொட்டுகளுக்கோ போகின்றன. மாதக்கணக்கில் அப்படியே நிற்கக்கூடிய ஃபலனோப்சிஸ் ஆர்க்கிட் பூ, மகரந்தம் சேர்ந்ததும் சில நாளிலேயே தளர்ந்துவிடுகிறது. லில்லித் தண்டில் கீழ்ப்பூ வாட வாட மேல்மொட்டு விரிகிறதே, அவை இரண்டும் ஒரே தண்டில் நடக்கிற விஷயங்கள். இது தெரிந்தபிறகு வாடிய பூவை மட்டும் நறுக்கித் தனியாகக் காட்டுகிற படம் எடுக்க எனக்கு மனம் வரவில்லை. மேலே விரிகிற மொட்டையும் பிரேமுக்குள் விட்டேன், மங்கலாகவாவது.

தமிழில் பூவின் பருவங்களுக்கு ஏழு பெயர் சொல்வார்கள்: அரும்பு, மொட்டு, முகை, மலர், அலர், வீ, செம்மல். சின்ன வயதில் மனப்பாடம் செய்ததுதான், அப்போது கடைசி இரண்டையும் யோசித்ததே இல்லை. வீ என்றால் உதிர்கிற நிலை. செம்மல் என்றால் வாடி முடிந்த பழம்பூ. மதிப்புக்குரிய பெரியவரைச் செம்மல் என்கிறோமே, அந்தச் சொல்லேதான் இதற்கும். ஏழில் இரண்டு பெயர், மலர்ந்து முடிந்த பிறகான நிலைக்கு. யாரோ குனிந்து உட்கார்ந்து, உதிர்வது வேறு வாடிக் கிடப்பது வேறு என்று பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். பிரித்துப் பார்க்கத் தெரியாமல் 'வாடிப்போச்சு' என்ற ஒற்றைச் சொல்லில் எல்லாவற்றையும் அள்ளிப்போட்டது நான்தான்.

பிரித்துப் பார்க்க ஆரம்பித்ததும் முதலில் பிடிபட்டது இது: பூ தாகத்தில் வாடுவது வேறு, வயதில் வாடுவது வேறு. இதழ் விறைப்பாக நிற்பதற்குக் காரணம் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் நிறைந்திருக்கிற நீர் செல்சுவரை உள்ளிருந்து தள்ளிக்கொண்டிருப்பது. தண்டில் நீர் ஏறும் குழாய்களைக் காற்றுக்குமிழோ பாக்டீரியாவோ அடைத்துவிட்டால் அந்த அழுத்தம் விழுந்துவிடும். குவளை ரோஜா திடீரென்று கழுத்தை மடித்துத் தொங்குகிறதே, அது பெரும்பாலும் தாகம். நிறம் அப்படியே இருக்கும், இதழ்கள் இறுக்கமாகவே இருக்கும், கழுத்து மட்டும் ஒடிந்திருக்கும். சீக்கிரம் கவனித்துத் தண்டின் அடியைத் தண்ணீருக்குள் வைத்து நறுக்கினால் சில சமயம் நிமிர்ந்துவிடுகிறது. அந்த மாதிரிப் பூவை முதுமையின் உருவமாகப் படம் எடுத்துவைப்பது பொய் சொல்வது போல எனக்குப் படுகிறது, அதற்கு வேண்டியது தண்ணீர். வயதில் வாடுகிற பூ அப்படி இல்லை. தண்டு நேராக நிற்கும், நிறம்தான் ஊர் மாறிப் போகும்.

நிறத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் கறுப்பு வெள்ளையை விட்டதே அதனால்தான். மார்னிங் குளோரிக் கொடியில் ஒரு நீலப் பூ வகை உண்டு. மொட்டில் செவ்வூதாவாக இருந்து விரியும்போது நீலமாகிறது, அந்தச் சில மணி நேரத்தில் இதழ்ச் செல்லின் சாறு 6.6 என்ற பிஹெச்-இலிருந்து (அமில, காரத் தன்மையின் அளவு) 7.7-க்கு மாறுவதை அளந்திருக்கிறார்கள். வாடும்போது மறுபடி ஊதாவும் இளஞ்சிவப்புமாகத் திரும்புகிறது. நிறமி அதேதான், அது மிதக்கிற சாறு மாறுகிறது. ரோஜாவின் சிவப்பு வாடும்போது நீலம் பாய்ந்தது போல ஆவதை நீங்களும் கவனித்திருப்பீர்கள். பழுப்பு வேறு வகை. செல்லுக்குள் தனித்தனி அறைகளில் இருந்த பொருள்கள் சவ்வு கிழிந்து ஒன்றோடொன்று கலக்கும்போது, வெட்டிவைத்த ஆப்பிள் பழுப்பாவது போல, விளிம்பிலிருந்து தொடங்குகிறது. வெள்ளைப் பூவை விரலால் அழுத்தினால் மறுநாள் அந்த இடத்தில் விரலின் அளவுக்குப் பழுப்பு வந்திருக்கும். அதனால்தான் சொல்கிறேன், தொடாதீர்கள். இதழை ஒதுக்க வேண்டுமென்றால் கேமராவை நகர்த்துங்கள், குவளையைத் திருப்பாதீர்கள். ஐந்தாறு நாள் காத்திருந்து அடைந்த நிலையை ஒரு சின்னத் தட்டல் மேசைமேல் உதிர்த்துவிடும், எனக்கு அப்படி நடந்திருக்கிறது, ஒன்றுக்கு இரண்டு தடவை.

வெளிச்சத்தின் நிறத்துக்கு ஏற்பப் படத்தைத் திருத்துகிற கேமராவின் தானியங்கி ஒயிட் பேலன்ஸ் இந்த நிறங்களுக்கு எதிரி. மெல்லிய மஞ்சள் பழுப்பைப் பார்த்ததும் அது வெளிச்சத்தின் கோளாறு என்று நினைத்துத் திருத்திவிடும், பாதி நாள் உழைத்து வந்த நிறம் போய்விடும். பகல் வெளிச்சத்துக்கு என்று நிலையாக வைத்துவிடுங்கள், கேமரா திருத்தாத ரா ஃபைலில் எடுங்கள். வெளிச்சம் ஜன்னலுடையது போதும், பக்கவாட்டில் விழட்டும், எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளை அட்டை. சூடாகிற விளக்கு வைத்தால் அதன் சூட்டிலேயே இதழ் சுருள்கிறது. கறுப்புத் துணியை நான் எடுத்துவிட்டேன், சாம்பலோ வெளிர் சுவரோ இருந்தால் பூவின் ஓரம் எங்கே முடிகிறது என்று தெரிகிறது. நீர்த்துளி தெளிப்பது மட்டும் வேண்டாம். வாடிய இதழில் பனித்துளி போல முத்து முத்தாகத் தெளித்து எடுத்த படங்களைப் பார்த்தால் எனக்குக் கோபமே வருகிறது, தண்ணீரை இழப்பதைத்தான் அந்தப் பூ நமக்குக் காட்டிக்கொண்டிருக்கிறது.

ஒரே ஒரு ரோஜா இதழைப் பற்றிச் சொல்கிறேன், பன்னிரண்டாம் நாள் எடுத்தது. விளிம்பு காகிதம் போல மடங்கி, அதில் பழுப்பு ஒரு நூல் அகலத்துக்கு ஓடியது. அதற்கு உள்ளே ஒரு மில்லிமீட்டர் தள்ளி ஒயின் நிறத்தில் ஒரு பட்டை, அங்கேதான் நிறமியெல்லாம் குவிந்து நின்றது, இதழ் சுருங்கும்போது அதே நிறமி சின்ன இடத்துக்குள் நெருங்கியிருக்க வேண்டும். நடுவில் நரம்புகள் புடைத்து நின்றன. உண்மையில் நரம்பு எழும்பவில்லை, நரம்பு கெட்டியானது, அதற்கு இடையிலிருந்த மெல்லிய சதை வற்றித் தாழ்ந்துவிட்டது, கொடிக்கயிற்றின் மேல் ஈரத்துணி ஒட்டி உலர்ந்தால் கயிறு தெரிவது போல. பாட்டியின் கை மாதிரி என்று இதற்கு எல்லாரும் சொல்வார்கள், நானும் முதலில் அப்படித்தான் தலைப்பு எழுதினேன். பாட்டியின் கை என்று எழுதிய அந்த நிமிடமே இதழைப் பார்ப்பதை நிறுத்திவிட்டேன் என்பது பிறகுதான் புரிந்தது. அடிப்பக்கத்தில், காம்போடு இதழ் சேருகிற இடத்தில், இன்னும் பச்சை கலந்த மஞ்சளாக ஈரம் இருந்தது. அந்த இடத்தில்தான் செல்கள் ஒன்றையொன்று விட்டுப் பிரிந்து இதழ் உதிர்வதற்கான அடுக்கு உருவாகிறது. நான் எடுத்து முடித்த இருபது நிமிடத்தில் அது விழுந்தது. விழுகிற சத்தம் கேட்டது, காய்ந்த இதழுக்குச் சத்தம் உண்டு.

முழுமை தாண்டிய பூவைத் தேடிப்போனவர்கள் எனக்கு முன்பே இருக்கிறார்கள். அமெரிக்கப் புகைப்படக்காரர் இர்விங் பென் 1967-இலிருந்து 1973 வரை வோக் என்ற ஃபேஷன் பத்திரிகைக்காக வருடத்துக்கு ஒரு பூவினம் என்று எடுத்தார், துலிப், பாப்பி, பியோனி என்று போகிறது அந்த வரிசை. வெள்ளைப் பின்னணி, நேரான வெளிச்சம், இதழில் புள்ளி விழுந்து முறுக்கிக்கொண்ட பாப்பியை ஒரு மனிதரின் முகத்தை எடுப்பது போல எடுத்திருப்பார். சோகம் எங்கேயும் இல்லை. அந்தப் படங்களைப் பார்த்தபிறகுதான் கறுப்புத் துணியை மடித்து உள்ளே வைத்தேன். ஓவியர்களில் டச்சுக்காரரான ராக்கேல் ரூயிஷ் (1664–1750) எனக்குப் பிடித்தவர். தலை சாய்ந்த பூவையும் பூச்சியையும் மறைக்காமல் பூங்கொத்துக்குள்ளேயே வைத்தவர்.

பூ விரிவதைத்தான் உலகம் முழுக்கப் படம் பிடிக்கிறார்கள். 1910-இலேயே பெர்சி ஸ்மித் என்பவர் பூ விரிவதை வேகமாக ஓடும் படமாக்கித் திரையில் காட்டிவிட்டார், அதற்குப் பிறகு வந்தவர்களும் பெரும்பாலும் விரிந்ததோடு கேமராவை அணைத்துவிடுகிறார்கள். நான் அங்கேயிருந்து தொடங்க நினைத்தேன். பத்து நிமிடத்துக்கு ஒரு பிரேம் என்றால் ஒரு நாளுக்கு 144, பத்து நாளுக்கு 1440. விநாடிக்கு 24 வீதம் ஓட்டினால் சரியாக ஒரு நிமிடம். துலிப்பை வைத்து எடுத்தபோது, வெட்டிய தண்டு குவளைக்குள்ளேயே வளர்ந்து, வெளிச்சத்தின் பக்கம் வளைந்து, பாதி வழியில் பிரேமை விட்டே வெளியே போய்விட்டது. வாடுகிற படம் எடுக்கப் போய் வளர்கிற படம் கிடைத்தது. அடுத்த முறை மேலே ஒரு சாண் இடம் விட்டு வைத்தேன், இதழ்கள் ஒவ்வொன்றாகக் கழன்று, உள்ளே இருந்த கறுத்த மகரந்தக் காம்புகள் நட்சத்திரம் போல வெளியே தெரிந்த அந்தக் கடைசி எட்டு விநாடியை எத்தனை முறை பார்த்தேன் என்று கணக்கில்லை.

இதையெல்லாம் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு விஷயம் கண்ணில் பட்டு, அன்று இரவு தூக்கமே வரவில்லை. பூக்கள் வாடுவதைத் தூண்டுகிற சமிக்ஞை பல இனங்களில் எத்திலீன் என்ற வாயு. பூவே அதை வெளிவிடுகிறது, பழுக்கிற பழமும் வெளிவிடுகிறது, அதனால்தான் பழத்தின் பக்கத்தில் பூவை வைத்தால் சீக்கிரம் போய்விடும். கார்னேஷனுக்கு எத்திலீன் பட்டால் இதழ்கள் உள்ளே சுருண்டு தூங்குவது போல ஆகிவிடும். இதைத் தடுக்க, வெட்டிய பூ விற்பவர்கள் 1970-களின் கடைசியிலிருந்து ஒரு கரைசலைப் பயன்படுத்தினார்கள், அதன் பெயர் வெள்ளி தயோசல்ஃபேட். வெள்ளி அயனி எத்திலீனின் சமிக்ஞையைப் பூவுக்குக் கேட்காமல் செய்கிறது, பூ பல நாள் கூடுதலாக நிற்கிறது. டார்க்ரூமில் வேலை செய்தவர்களுக்கு இந்தப் பெயர் கேட்டதும் தூக்கிவாரிப்போடும். ஃபிலிமில் வெளிச்சம் படாத வெள்ளி உப்பை ஹைப்போ என்கிற சோடியம் தயோசல்ஃபேட் கரைசல் கரைக்கும்போது, அதாவது படம் அழியாமல் நிலைக்கிற அந்த நிமிடத்தில், தட்டில் உண்டாவது அதே வெள்ளி தயோசல்ஃபேட்தான். படத்தை நிறுத்திவைத்த வேதியியலும் பூவை நிறுத்திவைத்த வேதியியலும் ஒன்று. (அதற்காக யாரும் பழைய ஹைப்போவைக் குவளையில் ஊற்றிப் பார்க்காதீர்கள். வெள்ளி நீர்நிலைகளுக்கு நஞ்சு, பூ வியாபாரத்திலேயே அதன் பயன்பாட்டைக் குறைத்துவிட்டார்கள்.)

ஹைப்போ வெள்ளி உப்பைக் கரைக்கும் என்று 1819-இல் கண்டுபிடித்தவர் ஆங்கில விஞ்ஞானி ஜான் ஹெர்ஷல். 1839-இலிருந்து அதை வைத்துப் படங்களை நிலைநிறுத்தத் தொடங்கினார்கள். அதே மனிதர் 1840-களின் தொடக்கத்தில் பூவிதழ்களை நசுக்கிச் சாறெடுத்துக் காகிதத்தில் பூசி வெயிலில் வைத்துப் பார்த்தார். ஆந்தோடைப் என்று சொல்கிறோமே, அது. வெயில் பட்ட இடத்தில் நிறம் வெளுத்துவிடும், நிழல் விழுந்த இடத்தில் நிற்கும். கேமரா வேண்டாம், வெள்ளி வேண்டாம். ஒன்றுதான் சிக்கல், அதை நிலைநிறுத்த வழியே இல்லை. ஹைப்போவின் அந்தக் குணத்தைக் கண்டுபிடித்தவர் செய்த பூப்படத்துக்கு ஹைப்போ உதவவில்லை.

போன மாதம் அதைச் செய்து பார்த்தேன். செம்பருத்தி ஒரு நாள் பூ. மாலையில் தன்னைத்தானே சுருட்டிக்கொண்டு, பெரும்பாலும் மறுநாள் விழுந்துவிடும், விழுந்ததைப் பொறுக்கினால் இதழ் இன்னும் வழவழப்பாக இருக்கும். இருபது பூ பொறுக்கிக் காம்பையும் மகரந்தத்தையும் களைந்து, கொஞ்சம் ஆல்கஹால் விட்டு நசுக்கி வடிகட்டினேன். காகிதத்தில் பூசினால் சிவப்பு வரவில்லை, நீலம் கலந்த ஊதா வந்தது. இருட்டில் உலரவிட்டு, அதன் மேல் புத்தகத்துக்குள் வைத்துக் காயவைத்திருந்த ஒரு லில்லியை வைத்து, அந்த முதல் குவளையில் இருந்ததில் மிச்சமான ஒரே லில்லி அது, கண்ணாடியால் அழுத்தி வெயிலில் வைத்தேன். எட்டு நாள். தினமும் சாயங்காலம் உள்ளே எடுத்து, காலையில் அதே இடத்தில்.

கண்ணாடியைத் தூக்கியபோது காகிதம் வெளிர்ந்து எலுமிச்சை வெளுப்பாக இருந்தது, அதில் லில்லி மட்டும் ஊதாவில் நின்றது. ஒரு இதழின் நுனி இரண்டு கோடாகத் தெரிந்தது. எட்டு நாளில் அது எப்போதோ கண்ணாடிக்கு அடியிலேயே கொஞ்சம் நகர்ந்திருக்கிறது.

இப்போது அது கெட்டி அட்டை போட்ட நோட்டுக்குள், அலமாரியின் உள்தட்டில் இருக்கிறது. ஒவ்வொரு முறை திறந்து பார்க்கும்போதும் கொஞ்சம் வெளிச்சம் அதைத் தின்னும். நேற்றுத் தங்கை வந்திருந்தாள், பார்க்க வேண்டும் என்றாள். ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, நோட்டைத் திறந்து, அவள் பக்கம் திருப்பிப் பிடித்தேன்.

"அந்தக் குவளைப் பூவா அக்கா இது?"

"ஆமா, நீ தூக்கிப் போடப் பார்த்ததுதான்."

அவள் இன்னும் குனிந்தாள். நான் மனதுக்குள் பத்து வரை எண்ணினேன், அப்புறம் இன்னும் ஐந்து எண்ணிவிட்டு மூடினேன்.